தலைமடையில் ஒரு நியாயம், கடைமடையில் ஒரு நியாயம்

காவிரி என்று வந்தால் நாம் கடைமடைக்காரர்கள். சிந்து என்று வந்தால் தலைமடைக்காரர்கள். ஆள் ஒன்றுதான், கையில் இருக்கும் போனும் ஒன்றுதான். 2016 செப்டம்பரில் "ஓடுற ஆத்தை மறிக்க நீ யாரு?" என்று கர்நாடகத்தைப் பார்த்துக் கேட்டவர்களில் பலர், 2025 ஏப்ரல் 23 அன்று இந்திய அரசு சிந்து நதி நீர் ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தபோது "ஒரு சொட்டு விடக் கூடாது" என்று எழுதினார்கள். முந்தைய நாள் பஹல்காமில் நடந்தது படுகொலை. அதற்குப் பதில் வேண்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. நான் கேட்பது வேறு. தண்ணீரைப் பற்றி நமக்கென்று ஒரு நிலைப்பாடு இருக்கிறதா, அல்லது நிற்கிற இடத்துக்குத் தக்கபடி வருகிற கோபம் மட்டும்தானா?

திருவாரூர் பக்கம் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பா அந்த வாரம் போனில் கேட்டார். "சிந்து தண்ணிய நிறுத்திட்டாங்களாமே தம்பி, நல்லதுதானே?"

"அதே நியாயத்த கர்நாடகாக்காரன் நம்மகிட்ட பேசுனா என்ன சித்தப்பா சொல்வீங்க?"

"அது வேற, இது வேற."

அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஜூன் 12 வந்தால் மேட்டூரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனிதர். 'அது வேற' என்பதை ஆராயாமல் விட்டுவிட அவருக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை நமக்குக் கிடையாது. பத்துப் பக்கக் கட்டுரை எழுதுகிறோம், நதியைப் பற்றி நாவல் வந்தால் கூட்டம் போட்டுப் பேசுகிறோம், 'நீர் அரசியல்' என்று தலைப்பு வைக்கிறோம். அது உண்மையிலேயே வேறா என்று சோதித்துப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முன்வைத்து இந்தச் சண்டையைப் போடலாம் என்று நினைக்கிறேன்.

ஸ்டீஃபன் மெக்காஃப்ரி. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் உள்ள மெக்ஜார்ஜ் சட்டக் கல்லூரியின் பேராசிரியர். நாடுகளுக்கிடையே ஓடும் ஆறுகளின் சட்டத்தைப் பற்றித் தலையணை அளவுக்கு ஒரு புத்தகம் எழுதியவர். 1985 முதல் 1991 வரை ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையத்தில் இந்த விஷயத்துக்கான சிறப்பு அறிக்கையாளர். 2017-ல் ஸ்டாக்ஹோம் நீர் விருது பெற்றார். அணை கட்டியவரா? இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி கண்டுபிடித்தவரா? அதுவும் இல்லை. வாக்கியங்களைப் படித்தார், வாக்கியங்களை எழுதினார். இதற்கா விருது என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் பாதிப் பேர் என்னைப் போல மென்பொருள் எழுதுகிறவர்கள், மீதிப் பாதி கவிதை எழுதுகிறவர்கள். இரு தரப்புக்கும் தனித்தனியாகப் பதில் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. ரியோ கிராண்டே ஆறு அமெரிக்காவில் பிறந்து, பிறகு மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் எல்லையாக ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொலராடோவிலும் நியூ மெக்சிகோவிலும் குடியேறியவர்கள் கால்வாய் வெட்டிப் பாசனம் செய்யத் தொடங்க, கீழே சியுதாத் ஹுவாரெஸ் பக்கத்து மெக்சிகோ விவசாயிகளின் வாய்க்கால்கள் காய்ந்தன. மெக்சிகோ முறையிட்டது. அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜட்ஸன் ஹார்மன் 1895 டிசம்பரில் ஒரு கருத்துரை கொடுத்தார். அதன் சாரம்: ஒரு நாடு தன் எல்லைக்குள் முழு இறையாண்மை உடையது, ஆகவே தன் மண்ணில் ஓடும் ஆற்றை அது என்ன செய்தாலும் சர்வதேசச் சட்டம் கேள்வி கேட்காது. இதற்கு 'ஹார்மன் கோட்பாடு' என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு உலகில் எந்தத் தலைமடை நாட்டுக்குக் கோபம் வந்தாலும் இந்தக் கோட்பாடு எழுந்து வந்து நிற்கும். "எங்க ஊர்ல பெய்யுற மழை, எங்க ஊர்த் தண்ணி" என்பதன் கோட்டு சூட்டு போட்ட வடிவம்.

நூறு வருஷம் கழித்து, 1996-ல், மெக்காஃப்ரி இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'ஹார்மன் கோட்பாடு நூறாண்டுகளுக்குப் பின்: புதைக்கப்பட்டது, புகழப்படவில்லை' என்பது போலத் தலைப்பு. சீசரின் பிணத்துக்கு முன்னால் ஆண்டனி பேசும் பேச்சைத் திருப்பிப் போட்டிருக்கிறார். சட்டக் கட்டுரைக்கு இவ்வளவு குறும்பு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் உள்ளே அவர் செய்தது கடுமையான ஆவண வேலை. ஹார்மன் கோட்பாட்டை அதன் தாய்நாடே நடைமுறையில் பின்பற்றவில்லை என்று காட்டுகிறார். எந்த வழக்குக்காக அந்தக் கருத்துரை எழுதப்பட்டதோ, அந்த ரியோ கிராண்டே தகராறிலேயே அமெரிக்கா உட்கார்ந்து பேசி 1906-ல் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி தண்ணீர் மெக்சிகோவுக்கு. நம் கணக்கில் சுமார் 2.6 டி.எம்.சி. 'இது உங்கள் உரிமை என்று ஒப்புக்கொண்டு தரவில்லை' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்துக்கொண்டார்கள். மீசையில் மண் ஒட்டக் கூடாது, பாருங்கள். ஆனால் தண்ணீர் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். 1944-ல் இன்னொரு ஒப்பந்தம். கொலராடோ ஆற்றிலிருந்து ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி, ஏறக்குறைய 65 டி.எம்.சி.

இதைவிட எனக்குப் பிடித்த பகுதி வடக்கு எல்லையில் நடக்கிறது. 1909-ல் கனடாவுடனான எல்லை நீர் ஒப்பந்தத்தில், தன் பக்கத்தில் ஓடும் தண்ணீர் மீது அந்தந்த நாட்டுக்கே முழுக் கட்டுப்பாடு என்கிற வாசகத்தை அமெரிக்கா பிடிவாதமாக நுழைத்தது. தலைமடைப் புத்தி. ஆனால் கொலம்பியா ஆறு கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்குள் இறங்குகிறது. 1950-களில் கனடாவின் ஜெனரல் மெக்நாட்டன் அதே வாசகத்தை எடுத்து மேசையில் வைத்தார். கொலம்பியாவின் தண்ணீரைத் திருப்பி எங்கள் ஃப்ரேஸர் ஆற்றில் விட்டுக்கொள்வோம், நீங்கள் எழுதிய பிரிவுதானே இது? அதற்குப் பிறகுதான் வாஷிங்டனுக்கு ஹார்மன் கோட்பாடு சட்டமே இல்லை என்று திடீரென்று தெரியவருகிறது. 1958-ல் அவர்களுடைய வெளியுறவுத் துறையே அப்படியொரு நீண்ட குறிப்பாணை தயாரித்தது. 1961-ல் கொலம்பியா ஒப்பந்தம் கையெழுத்தானது.

சிந்துவில் 'ஒரு சொட்டு விடாதே' என்று சொல்லும் தமிழரும் இதே காரியத்தைத்தான் செய்கிறார், அவ்வளவே. தலைமடையில் நின்று எழுதுகிற வாக்கியத்தைக் கடைமடையில் நின்று ஒருநாள் நமக்கே படித்துக் காட்டுவார்கள்.

"அது வேற, சிந்துவில் பயங்கரவாதம் இருக்கிறது" என்பார்கள். சரி, இருக்கிறது. ஆனால் 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்கு பஞ்சாப் அரசு பாகிஸ்தான் பக்கக் கால்வாய்களுக்குத் தண்ணீரை நிறுத்தியபோது சொன்ன காரணம் பயங்கரவாதம் இல்லை. ஆறு எங்களுடையது என்பதுதான். அடுத்த மாதமே டெல்லியில் பேச்சுவார்த்தை நடத்தித் திறந்துவிட வேண்டியிருந்தது. அங்கிருந்து தொடங்கி 12 வருஷம் பேசி 1960-ல் வந்தது இந்த ஒப்பந்தம். அதன் 12ஆம் பிரிவு, இரண்டு அரசுகளும் சேர்ந்து இன்னொரு ஒப்பந்தம் செய்து முடித்துவைக்கும்வரை இது நீடிக்கும் என்கிறது. ஒருதலையாக நிறுத்திவைக்க ஒரு வரிகூட அதில் கிடையாது. நிறுத்தி வைத்ததற்கு வேறு சட்ட நியாயங்கள் இருக்கலாம், அவற்றை வாதிடட்டும். வாதிடுவதற்கும் மீம் போடுவதற்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் நான் சொல்கிறேன்.

கவிதை எழுதும் நண்பர்களின் முக்கியமான ஏளனத்துக்கு வருகிறேன். "சர்வதேசச் சட்டமா? அது பேப்பர்டா. பல்லில்லாத பாம்பு." ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் செலவாகியிருக்கிறது என்று பார்ப்போம்.

கப்பல் போக்குவரத்து அல்லாத ஆற்றுப் பயன்பாடுகளுக்கு உலகப் பொதுவான விதிகள் எழுத வேண்டும் என்று ஐ.நா. 1970-ல் சொன்னது. சட்ட ஆணையம் அதை எடுத்துக்கொண்டு வரிசையாக ஐந்து சிறப்பு அறிக்கையாளர்களைப் போட்டது: கியர்னி, ஷ்வேபல், எவன்சன், மெக்காஃப்ரி, ரோசன்ஸ்டாக். மெக்காஃப்ரி மட்டும் ஏழு அறிக்கைகள் எழுதினார். 1991-ல் முதல் வரைவு முடிந்தது. அதன் 7ஆம் பிரிவு, மற்ற நாட்டுக்கு 'உணரத்தக்க' தீங்கு விளையாதபடி ஆற்றைப் பயன்படுத்த வேண்டும் என்றது. 1994-ல் இரண்டாம் வரைவு. 'உணரத்தக்க' போய் 'கணிசமான' வந்தது. கூடவே, தீங்கே விளையக் கூடாது என்பது போய், தீங்கு விளையாமல் இருக்க உரிய அக்கறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆனது. 1997-ல் ஐ.நா. பொதுச்சபையில் அது 'பொருத்தமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும்' என்று மறுபடி மாறியது.

இலக்கிய வாசகர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பெயரடை மாறியதும் கதையில் யார் குற்றவாளி என்பதே மாறிவிடும் என்று நமக்குத் தெரியும். 'உணரத்தக்க தீங்கு' என்றால் கீழே இருப்பவன் ஒரு அடி நீர்மட்டம் குறைந்ததை அளந்து காட்டினால் போதும் என்று வாதிடலாம். 'கணிசமான தீங்கு' என்றால் பயிர் போனதைக் காட்ட வேண்டும். 'தீங்கு விளையக் கூடாது' என்றால் முடிவை வைத்துத் தீர்ப்பு; 'நடவடிக்கை எடு' என்றால் முயற்சியை வைத்துத் தீர்ப்பு. முதலாவது கடைமடைக்காரனின் வாக்கியம், இரண்டாவது தலைமடைக்காரனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கும் வாக்கியம். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று இந்த மனிதர்கள் இருபது வருஷத்துக்கு மேல் ஜெனீவாவில் உட்கார்ந்து அடித்துக்கொண்டார்கள். நாம் ஒரு சிறுகதையின் கடைசி வரிக்காக ஒரு மாதம் யோசித்தால் அதைப் பெருமையாகப் பேட்டியில் சொல்கிறோம்.

சொல்லுக்குப் பல்லில்லை என்பவர்கள் 2018 ஏப்ரலை மறந்துவிட்டார்கள். காவிரி வழக்கில் பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆறு வாரத்துக்குள் ஒரு 'ஸ்கீம்' உருவாக்கு என்று மத்திய அரசிடம் சொன்னது. ஆறு வாரம் முடிந்ததும் மத்திய அரசு திரும்பி வந்து கேட்டது: 'ஸ்கீம்' என்றால் என்ன? 1956-ஆம் ஆண்டு மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுச் சட்டத்தின் 6ஏ பிரிவில் இருக்கிற ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகத் தமிழ்நாடு முழுக்கப் போராட்டம், முழு அடைப்பு, சென்னையில் நடக்க வேண்டிய ஐ.பி.எல். ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ஸ்டேடியத்தில் செருப்பு வீசியது நமக்கு நினைவிருக்கிறது. எந்தச் சொல்லுக்காக வீசினார்கள் என்பது நினைவில் இல்லை.

இனி என் சக இன்ஜினியர்கள். இவர்களுடைய நோய் வேறு. ஆற்றுத் தகராறு என்பது தரவு இல்லாததால் வரும் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். "எல்லா அணையிலயும் சென்சார் வை, ரியல் டைம் டேஷ்போர்டு போடு, ஒரு ஆப்டிமைசேஷன் மாடல் ஓட்டு, முடிஞ்சுது. எதுக்கு வக்கீலு?" கேட்கும்போது சுகமாக இருக்கும். ஐ.நா. உடன்படிக்கையின் 6ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒரு நாட்டின் பயன்பாடு நியாயமானதா என்று பார்க்க ஏழு காரணிகள் தரப்பட்டிருக்கின்றன: புவியியல், மழை முதலான இயற்கை நிலைகள், சமூக, பொருளாதாரத் தேவை, ஆற்றை நம்பியிருக்கும் மக்கள்தொகை, ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்கு ஏற்படும் விளைவு, இப்போதுள்ள பயன்பாடும் இனி வரக்கூடியதும், சேமிப்பு, சிக்கனம், மாற்று வழி உண்டா என்பது. எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை? எழுதவில்லை. ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய் என்று விட்டுவிட்டார்கள்.

நம் கண்ணுக்கு இது அரைகுறையாக எழுதிய ஃபங்ஷன். ஏழு பாராமீட்டர் வாங்குகிறது, வெயிட் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எடையை நிரப்புவதுதானே மொத்தத் தகராறும்? 'இப்போதுள்ள பயன்பாடு' என்பதற்கு அதிக எடை போட்டால் தஞ்சாவூர் ஜெயிக்கும், ஏனென்றால் ஆயிரம் வருஷமாக விதைக்கிறோம். 'இனி வரக்கூடிய தேவை' என்பதற்குப் போட்டால் மாண்டியாவும் பெங்களூரும் ஜெயிக்கும். மாடல் எழுதுகிறவன் அந்த எண்ணைப் போடும் இடத்தில் தீர்ப்பை எழுதிவிடுகிறான், பிறகு கணிப்பொறி சொன்னது என்கிறான். 2023-ல் மழை பொய்த்தபோது இரண்டு மாநிலங்களுக்கும் எல்லா அணையின் நீர்மட்டமும் தெரிந்துதான் இருந்தது. 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி என்று ஒழுங்காற்றுக் குழு சொன்னதும் இரண்டு பக்கமும் கொதித்தது தரவு இல்லாததாலா? பற்றாக்குறை ஆண்டில் வலியை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் சண்டை.

இதில் ஒரு மொழிப் பிரச்சினையும் உண்டு. இந்தச் சட்டத்தின் மையச் சொல்லான 'ஈக்விட்டபிள்' என்பதைப் பல சமயம் 'சமமான' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவர் ஆளுக்குப் பாதி என்று நினைத்துக்கொள்கிறார். கிடையாது. அது நியாயப் பங்கு; சமப் பங்கு இல்லை. ஊரில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது எல்லா வாய்க்காலுக்கும் ஒரே மணிக்கணக்கு கொடுப்பதில்லை, ஆயக்கட்டைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சித்தப்பாவுக்கு இந்த வேறுபாடு சுத்தமாகப் புரியும்.

இப்போது மெக்காஃப்ரியின் மேல் வைக்கப்படக்கூடிய உண்மையான குற்றச்சாட்டு. பேராசிரியர், ஐ.நா. அறிக்கையாளர் என்பதோடு அவர் நிற்கவில்லை. நாடுகளுக்காக வழக்காடவும் செய்தார். ஸ்லோவாக்கியாவுக்காக, நிகராகுவாவுக்காக, உருகுவேவுக்காக, கிஷன்கங்கா வழக்கில் இந்தியாவுக்காக. விதியை எழுதியவரே ஒரு கட்சிக்கு வக்கீலா என்று கேட்டால், நியாயமான கேள்வி.

டான்யூப் வழக்கைப் பாருங்கள். ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் சேர்ந்து 1977-ல் கப்சிகோவோ, நாஜ்மரோஷ் என்று இரண்டு அணைகளுக்கு ஒப்பந்தம் போட்டன. ஹங்கேரியில் டான்யூப் வட்டம் என்கிற இயக்கம் எழுந்தது. சோவியத் கூட்டணி நாட்டில் ஓர் ஆற்றுக்காக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1989-ல் ஹங்கேரி வேலையை நிறுத்தியது. செக்கோஸ்லோவாக்கியா காத்திருக்கவில்லை. 'வேரியன்ட் சி' என்று பெயர் வைத்து, தன் மண்ணிலேயே ஒரு தடுப்பைக் கட்டி, 1992 அக்டோபரில் டான்யூபின் பெரும்பங்கை ஒரு கால்வாய்க்குத் திருப்பிவிட்டது. பழைய ஆற்றுப்படுகை காய்ந்தது. வழக்கு ஹேக் நகருக்குப் போனது. ஆற்றைத் திருப்பிய பக்கத்துக்கு வாதாடிய அணியில் மெக்காஃப்ரி இருந்தார்.

1997 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தை ஹங்கேரி நிறுத்தியது தவறு. ஆற்றைத் திருப்பியதும் தவறு. இரண்டாவதற்குக் காரணம் சொல்லும்போது, டான்யூபின் நியாயமான பங்கை ஹங்கேரிக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள் என்றது நீதிமன்றம். அந்த இடத்தில் ஆதாரமாக அது காட்டியது, நான்கு மாதம் முன்பு ஐ.நா. ஏற்றுக்கொண்ட, அமலுக்குக்கூட வராத அந்த உடன்படிக்கையை. அதாவது மெக்காஃப்ரி ஆறு வருஷம் உழைத்த ஆவணத்தை வைத்தே மெக்காஃப்ரியின் கட்சிக்காரரைத் தவறு என்றார்கள். கூலிக்குப் பேசும் வக்கீல் என்று திட்டுகிறவர்களுக்கு இதுதான் என் பதில். எழுதி வெளியே விட்ட வாக்கியம் எழுதியவருக்கே விசுவாசமாக இல்லை. நல்ல சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும். மேலே நின்று சொன்னாலும் கீழே நின்று சொன்னாலும் பொருள் மாறாத வாக்கியம்.

ஆனால் முழுக்க விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த உலகம் ஒரு சின்னத் தெரு. ஜீலம் ஆற்றின் கிளையான கிஷன்கங்காவில் இந்தியா 330 மெகாவாட் மின்திட்டம் கட்ட, பாகிஸ்தான் 2010-ல் நடுவர் மன்றத்துக்குப் போனது. மன்றத்தின் தலைவர் யார்? ஸ்டீஃபன் ஷ்வேபல், அதே ஐ.நா. வேலையின் இரண்டாம் அறிக்கையாளர். இந்தியாவின் வக்கீல்களில் மெக்காஃப்ரி, நான்காம் அறிக்கையாளர். நடுவர்களில் ஒருவர் பீட்டர் டோம்கா, டான்யூப் வழக்கில் ஸ்லோவாக்கியாவின் முகவராக இருந்தவர். பாகிஸ்தான் பக்கம் ஜேம்ஸ் க்ராஃபோர்டு, டான்யூபில் ஹங்கேரிக்காக வாதாடியவர். இதில் சட்டவிரோதமோ ஒளிவுமறைவோ எதுவும் இல்லை, எல்லாம் ஆவணத்தில் அச்சாகியிருக்கிறது. இருந்தாலும் இமயமலை ஆறு ஒன்றின் விதியைப் பேச வந்தவர்களில் இத்தனை பேர் முன்பே டான்யூப் கரையில் சந்தித்துக்கொண்டவர்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. ஐந்து சிறப்பு அறிக்கையாளர்களில் எவன்சன் நார்வேக்காரர், மற்ற நால்வரும் அமெரிக்கர்கள். நைல் கரையிலிருந்தோ மீகாங் கரையிலிருந்தோ கங்கைக் கரையிலிருந்தோ ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

இந்தத் தெரு சின்னதாக இருப்பதற்கு அவர்கள் மட்டும் காரணம் இல்லை. நாம் அந்தத் தெருவுக்குப் போவதே இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் சட்டம் படித்தால் சிவில், கிரிமினல், இல்லாவிட்டால் கார்ப்பரேட். ஓர் ஆற்றை எடுத்துக்கொண்டு நாற்பது வருஷம் படிக்கலாம், அது ஒரு வாழ்க்கை என்று வீட்டில் சொன்னால் சோறு போடுவார்களா தெரியாது. டெல்டாவில் பிறந்து, வாய்க்கால் சண்டையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் ஹேக் நகரில் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் 6ஆம் பிரிவின் ஏழு காரணிகளில் எதை எப்படி வாசித்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். கிஷன்கங்காவில் 2013 டிசம்பரில் வந்த இறுதித் தீர்ப்பு, விநாடிக்கு 9 கன மீட்டர் தண்ணீரை எப்போதும் கீழே விட்டாக வேண்டும் என்றது. சுமார் 318 கன அடி. பிலிகுண்டுலுவில் விநாடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் காலையில் செய்தி பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். இந்தியாவைப் பொறுத்தவரை அது இழந்த எண், பாகிஸ்தானின் நீலம் பள்ளத்தாக்கில் அது ஆற்றில் மீதமிருக்கும் உயிர்.

காவிரி சர்வதேச ஆறு இல்லையே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1907-ல் கான்சாஸ் மாநிலம் கொலராடோ மீது போட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'நியாயப் பங்கீடு' என்ற கருத்தைப் பேசியது. மாநிலங்களுக்கிடையே பிறந்த அந்தக் கருத்து நாடுகளுக்கிடையே போய், 1966-ல் சர்வதேசச் சட்டச் சங்கம் ஹெல்சிங்கியில் வகுத்த விதிகளில் உட்கார்ந்தது. அங்கிருந்து கிளம்பிக் காவிரி நடுவர் மன்றத்துக்கு வந்தது. 1990-ல் அமைக்கப்பட்ட அந்த மன்றம் 2007-ல் தந்த இறுதித் தீர்ப்பிலும், 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் ஹெல்சிங்கி விதிகள் பேசப்படுகின்றன. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்று 2018-ல் நமக்குச் சாதகமாக எழுதப்பட்ட வரி, ஹார்மனைப் புதைத்த அதே மண்ணிலிருந்து வந்தது. அந்த வரியை இங்கே கைதட்டி வரவேற்றுவிட்டு, சிந்துவில் ஹார்மனைத் தோண்டி எடுத்து மாலை போடுகிறோம்.

நியாயப் பங்கீடு என்றால் நமக்கு எப்போதும் இனிக்கும் என்றும் இல்லை. அதே 2018 தீர்ப்பு தமிழ்நாட்டின் பங்கை 419-லிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. குறைத்த 14.75-ல் 10, நம் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால். மீதி 4.75, பெங்களூரின் குடிநீருக்கு. நான் பன்னிரண்டு வருஷமாகப் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். காலையில் என் குழாயில் வருவது நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மோட்டார் வைத்து மேலேற்றிய காவிரி. சித்தப்பாவின் வாய்க்காலுக்கும் என் பக்கெட்டுக்கும் நடுவில் ஒரு தசமப்புள்ளி இருக்கிறது. இந்த நகரத்தில் பல லட்சம் தமிழர்கள் அப்படித்தான் குளிக்கிறார்கள். 1991 டிசம்பரில் இடைக்கால உத்தரவை ஒட்டி இங்கே தமிழர்கள் அடிபட்டபோதும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். நம் பக்கம், அவர்கள் பக்கம் என்று கோடு போட்டுப் பேசுகிற கட்டுரைகளில் இவர்களை எங்கே வைப்பது?

நமக்குக் கீழேயும் ஆள் உண்டு என்பதை வேறு மறந்துவிடுகிறோம். காரைக்கால். நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. தமிழ்நாட்டைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அந்த ஏழில் குறை வந்தால் அவர்களுக்கு நாம்தான் தலைமடை.

2016 செப்டம்பர் 30 அன்று நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கர்நாடகத்துக்காகப் பல வருஷம் காவிரி வழக்கை நடத்திய ஃபாலி நாரிமன், தண்ணீர் விடும் உத்தரவை மாநிலம் நிறைவேற்றாத நிலையில் இனி வாதாட மாட்டேன் என்று நீதிமன்றத்தில் தெரிவித்தார். நமக்கு எதிரில் நின்ற வக்கீல். கட்சிக்காரருக்கு மேலே வேறொன்று இருக்கிறது என்று அன்று காட்டியவர். கிஷன்கங்காவில் மெக்காஃப்ரியோடு இந்தியாவின் அணியில் அவரும் இருந்தார். நம்மூர்ப் பக்கத்தில் அவரைத் துரோகி என்று சொல்ல ஒரு கூட்டமும், தியாகி என்று சொல்ல ஒரு கூட்டமும் அன்று இருந்தன. அவர் செய்தது ஒரு வக்கீல் செய்ய வேண்டியது, அவ்வளவுதான்.

2025 ஜூலையில் சீனா, திபெத்தில் யார்லுங் சாங்போ ஆற்றில் உலகத்திலேயே மிகப் பெரிய நீர்மின் திட்டத்தின் கட்டுமானத்தைத் தொடங்கியது. அந்த ஆறு வளைந்து அருணாச்சலத்துக்குள் இறங்கி பிரம்மபுத்திராவாகிறது. மூன்று மாதம் முன்பு சிந்துவில் தலைமடையாக இருந்த நாடு இப்போது கடைமடை. டெல்லியிலிருந்து கவலை தெரிவிக்கிறார்கள், கீழே இருப்பவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது என்கிறார்கள். சரியான வாதம். எந்தக் காகிதத்தைக் காட்டி வாதாடுவது என்பதுதான் சிக்கல். 1997 மே 21 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அந்த உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது 103 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை மூன்று: சீனா, துருக்கி, புருண்டி. முறையே மீகாங்கின், யூஃப்ரடீஸின், நைலின் தலைமடைகள். 27 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன. பாகிஸ்தான் அதில் ஒன்று. இந்தியாவும்.